ஆல்டோ தொடங்கும் பாட்டு

துறைமங்கலம், பெரம்பலூர்
8.9.2024

மரியே வாழ்க

அன்புள்ள அண்ணனுக்கு ஆனி ரோஸ் எழுதிக்கொள்வது.

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாதா பிறந்தநாள் பூசை முடிந்து வந்து, உலை வைக்காமல் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். இந்தக் காலத்தில் போய்க் கடிதமா, கிறுக்கச்சி என்று நீங்கள் சிரிப்பது இங்கே கேட்கிறது. போனில் பேசினால் நீங்கள் “ம்” என்கிறீர்கள், நானும் “ம்” என்கிறேன். அப்புறம் நீங்கள் “சாப்பிட்டியாம்மா” என்பீர்கள், நான் அழுவேன். உங்கள் மாப்பிள்ளை கண்ணை மூடிய ஜனவரியிலிருந்து இதேதானே நடக்கிறது? காகிதத்தில் அழுதால் உங்களுக்குத் தெரியாது.

ஒரு வேலையாகத்தான் எழுதுகிறேன். எங்கள் கோயிலில் கீபோர்டு வாசித்துக் கொயர் பாட்டுக் குழுவையும் பார்த்துக்கொண்ட தம்பிக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது. பங்குச் சாமியார் என்னைப் பிடித்துக்கொண்டார். “டீச்சர், வரதராசன்பேட்டை கொயர் மாஸ்டர் மரிய ஆல்பர்ட் ஒங்க அண்ணனாமே? அவுரு தங்கச்சிக்குப் பாட்டு வராமயா போயிடும்?” என்றார். முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன், சரி என்று வந்துவிட்டது. சாயங்காலம் ஆனால் வீட்டில் யாரிடம் பேசுவது, சொல்லுங்கள்.

பதினேழு பேர் இருக்கிறோம். உச்சியில் பாடும் சோப்ரானோவில் நர்சிங் படிக்கிற பிள்ளைகள். அவர்களுக்குத் தலைவி ஷாலினி மேரி. அதற்குக் கீழ்க் குரலான ஆல்டோவில் நாலு பெண்கள். அதில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் கீதாஞ்சலிக்கு நல்ல கனத்த குரல். ஆண்களில் மேல் குரலுக்கு, டெனர் என்று, இரண்டு காலேஜ் பையன்கள் வருகிறார்கள், சோப்ரானோ எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் நிற்கிறார்கள். அடிக்குரல் பேஸில் மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற செபஸ்டின் அண்ணன். அவருக்குப் பின்னால் இரண்டு பேர் வாயை மட்டும் அசைக்கிறார்கள்.

கிறிஸ்துமஸுக்கு நாலு குரலில் நாலு பாட்டு வேண்டும். வீடு வீடாகப் போகிற கேரல் ரவுண்ட்ஸில் வாசலில் நின்று பாடக்கூடியதாக இருக்கட்டும். ஒவ்வொரு குரலுக்கும் சுரத்தை சோல்ஃபாவில் எழுதி அனுப்புங்கள். உங்கள் கையெழுத்துதான் எனக்குப் புரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை,
ஆனி ரோஸ்


வரதராசன்பேட்டை
17.9.2024

மரியே வாழ்க

அன்புத் தங்கைக்கு அண்ணன் ஆசீர் சொல்லி எழுதுவது.

இங்கே நான் நலம். முழங்கால் அது பாட்டுக்கு வலிக்கிறது, நான் பாட்டுக்கு நடக்கிறேன். நீ முதலில் உலை வை. கொயர் மாஸ்டர் பட்டினி கிடந்தால் கொயர் அரை சுரம் கீழே இறங்கிவிடும், இது என் அனுபவம்.

பாட்டு எடுப்பது புடவை எடுப்பது மாதிரி இல்லை, ஆனி. புடவை பிடித்திருந்தால் போதும். பாட்டு உடம்புக்குச் சேர வேண்டும். உன்னிடம் டெனர் இரண்டு பேர்தான். டெனர் மேலே ஏறுகிற பாட்டை எடுத்தாயானால் கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே இரண்டு தொண்டையும் காலி. பேஸில் ஒருவர் பாடுகிறார், இருவர் துணை நடிகர்கள். ஆகவே பேஸுக்குத் தனி வரி உள்ள பாட்டு எதுவும் கூடாது. இந்தக் கணக்கில் பார்த்து மூன்று பாட்டு வைத்திருக்கிறேன்: இடையர் பாட்டு, நட்சத்திரப் பாட்டு, தாலாட்டு. மூன்றும் நான் நாலு குரலுக்குப் பிரித்தவை. நாலாவதை நீயே பார்த்துக்கொள்.

டெனர் பையன்களை சோப்ரானோவிடமிருந்து பிரித்து நிறுத்து. கண்ணு அங்கே இருந்தால் காது இங்கே இருக்காது.

எங்கள் கொயர் வழக்கம் போல.

அன்புடன்,
அண்ணன் ஆல்பர்ட்


துறைமங்கலம்
2.10.2024

மரியே வாழ்க

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நலமறிய ஆவல். இங்கே மழை தொடங்கிவிட்டது, குளிரில் நடக்காதீர்கள்.

மூன்று பாட்டையும் எடுத்துப் பார்த்தோம். இடையர் பாட்டு ஒரே வாரத்தில் வந்துவிட்டது. நட்சத்திரப் பாட்டில் ஷாலினி கும்பல் உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்கிறது. தாலாட்டைப் பாடும்போது செபஸ்டின் அண்ணனுக்குத் தூக்கம் வருகிறது. “டீச்சர், தாலாட்டுன்னா தூங்கத்தானே?” என்று கேட்கிறார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு. வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும், எதற்குச் சிரித்தோம் என்று இருந்தது.

நாலாவது பாட்டு முடிவு செய்துவிட்டேன். எனக்கும் அவருக்கும் என்று நீங்கள் போட்ட சத்திரப் பாட்டு. மாதாவும் சூசையப்பரும் தங்க இடம் கேட்டு வருகிறார்களே, அது. உள்ளே இருந்து வீட்டுக்காரி ஆல்டோவில் தனியாகக் கேட்பாள்:

யாரது வாசலில், இந்தப் பனியில்?

வெளியே எல்லாக் குரலும் சேர்ந்து பதில் சொல்லும்:

நாங்கள்தான் அம்மா, நடந்து வந்தோம்.

அப்புறம் பேஸ் மட்டும்:

விளக்கொன்று வையுங்கள், போய்விடுவோம்.

எனக்கு வார்த்தை நினைவிருக்கிறது, மற்ற குரல்களின் சுரம் நினைவில்லை. எழுதி அனுப்புங்கள். போன கடிதத்தில் கேட்க மறந்தேன். உங்கள் கொயரில் இந்த வருஷம் டெனர் யார்? பழைய ஆட்களில் யாராவது திருப்பூரிலிருந்து திரும்பி வந்தார்களா?

தங்கை,
ஆனி


வரதராசன்பேட்டை
14.10.2024

மரியே வாழ்க

அன்புத் தங்கைக்கு,

சுகம். இருமல் கொஞ்சம் இருந்தது, கஷாயம் குடித்தேன்.

சத்திரப் பாட்டு வேண்டாம். காரணம் கேட்பாய், சொல்கிறேன். உலகத்தில் எந்தக் கேரலையும் ஆல்டோ தொடங்காது. தொடங்குவது சோப்ரானோவின் வேலை. தெருவில் டிரம் சத்தம், வண்டி ஹாரன், நாய் எல்லாம் இருக்கும்போது ஒற்றை ஆல்டோ தொடங்கினால் யார் காதில் விழும்? இரண்டாவது, கிறிஸ்துமஸ் தாத்தா மிட்டாய் வீசிக்கொண்டு வருகிற இடத்தில், இடம் கொடு, விளக்கு வை என்று கெஞ்சுகிற பாட்டு எதற்கு?

மூன்றாவதை எழுத வேண்டாம் என்றிருந்தேன். அந்த பேஸ் வரியை மாப்பிள்ளை சின்னப்பராஜைத் தவிர யார் பாடியும் நான் கேட்டதில்லை. கேட்கவும் ஆசையில்லை. கீழப்பழுவூரிலிருந்து சைக்கிளிலும் பஸ்ஸிலுமாக வந்து அந்த ஒரு வரியைப் பாடிவிட்டுப் போன மனுஷன். வரிக்காக வந்தானா, உன் ஆல்டோவுக்காக வந்தானா என்று ஊரே கேலி பேசியது. நான் ஒரு மடையன், கடைசியில்தான் எனக்கு விளங்கியது.

இன்னொன்று. நீ ரவுண்ட்ஸுக்குப் போகக் கூடாது, தெரியுமல்லவா? ஜனவரி ஆறு, மூன்று ராசாக்கள் திருநாள் வந்தால்தான் மாப்பிள்ளைக்கு வருஷம் முடிகிறது. சொல்லிக்கொடு, வீட்டில் இரு.

அன்புடன்,
ஆல்பர்ட்


துறைமங்கலம்
3.11.2024

மரியே வாழ்க

அன்புள்ள அண்ணனுக்கு,

இருமல் நின்றதா? நேற்றுக் கல்லறைத் திருநாளுக்கு நீங்கள் வருவீர்கள் என்று மாலை இரண்டாக வாங்கி வைத்தேன். பரவாயில்லை, இரண்டையும் அவருக்கே போட்டேன்.

நான் ரவுண்ட்ஸுக்குப் போகக் கூடாது என்பதை நீங்கள் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? கொயரே கூடிப் பேசி முடித்துவிட்டது. மரியாதையாகத்தான் சொன்னார்கள். செபஸ்டின் அண்ணன் எழுந்து நின்றுகொண்டு, “டீச்சர், ஒங்க வூட்டுக்கிட்ட வரும்போதே டிரம்ம நிறுத்திடுவோம். ஒங்க வூட்டத் தாண்டுற வரைக்கும் ஒருத்தனும் மூச்சு விடமாட்டான். நீங்க கவலப்படாதீங்க” என்றார்.

கவலைப்படாதே என்கிறார்கள், அண்ணா! டிசம்பர் இருபத்தொன்று, சனிக்கிழமை, ஆறரை மணிக்குப் பிள்ளையார் கோயில் முனையிலிருந்து தொடங்கி எங்கள் தெருவுக்கு வருகிறார்கள். நான் சொல்லிக் கொடுத்த பாட்டை எல்லா வீட்டிலும் பாடுவார்கள். என் வீட்டுக்கு முன்னால் மட்டும் செருப்புச் சத்தம் கேட்கும். கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டாத வீட்டுக்குள் உட்கார்ந்து அந்தச் செருப்புச் சத்தத்தை நான் கேட்க வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது. அவர் செத்த அன்றுகூட எனக்கு இப்படிப் பயமாக இல்லை. அன்றைக்கு வீடு நிறைய ஆள் இருந்தது.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள். தீபாவளியன்று பக்கத்து வீட்டு ஜெயலட்சுமி அக்கா ஒரு தூக்கு நிறைய முறுக்கும் அதிரசமும் கொண்டு வந்து வைத்தார். இது துக்க வீடு அக்கா என்றேன். “அதனாலதான் டீச்சர் கொண்டாந்தேன். துக்க வூட்டுல எண்ணெச்சட்டி வைக்கக் கூடாதுல்ல? அப்ப நாங்கதானே கொண்டாந்து குடுக்கணும்? இதுகூடத் தெரியாதா ஒங்களுக்கு?” என்று என்னையே அதட்டினார்.

அன்றைக்கெல்லாம் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பலகாரம் சுடக் கூடாத வீட்டுக்குப் பலகாரம் கொண்டு வந்து கொடுப்பது முறை. பாடக் கூடாத வீட்டுக்குப் பாட்டைக் கொண்டு வந்து கொடுப்பது மட்டும் ஏன் முறையில்லை?

சத்திரப் பாட்டை அனுப்புங்கள். நான் வேறு எதையும் உங்களிடம் கேட்கவில்லை.

ஆனி ரோஸ்


வரதராசன்பேட்டை
16.11.2024

மரியே வாழ்க

ஆனிக்கு,

நலம். கல்லறைத் திருநாளுக்கு வராதது என் தப்பு. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

ஜெயலட்சுமி அம்மாள் சொன்னது நியாயம்தான். ஆனாலும் முறை என்பது நம் வசதிக்கு வளைக்கிற கம்பி இல்லை. டிரம்மை நிறுத்துவது உன்னை ஒதுக்குவதற்கு இல்லை. உன் துக்கத்துக்கு முன்னால் தலை குனிவதற்கு. அப்படித்தான் நான் இத்தனை வருஷமாக என் கொயரை நடத்தியிருக்கிறேன். துக்க வீட்டுக்கு முன்னால் நானே கையைத் தூக்கி நிறுத்துவேன், அந்தக் கை இறங்கும் வரைக்கும் ஒரு குஞ்சு கத்தாது.

பாட்டை அனுப்பியிருக்கிறேன். பழைய தாள்கள் கோயில் பீரோவில் இருந்தவை கைக்குக் கிடைக்கவில்லை. நினைவிலிருந்து எழுதினேன். டெனரில் சந்தேகம் இருக்கிறது, பார்த்துக்கொள்.

பேஸ் வரி சரியாகத்தான் இருக்கும். அது மறக்காது.

ஆல்பர்ட்


துறைமங்கலம்
25.11.2024

மரியே வாழ்க

அன்புள்ள அண்ணனுக்கு,

நன்றி, நன்றி. தாளைப் பிரித்ததும் அவர் நின்று பாடும் இடம் கண்ணுக்கு முன்னால் வந்தது. கொஞ்ச நேரம் மடித்து வைத்துவிட்டு, காப்பி போட்டுக் குடித்துவிட்டு, மறுபடி பிரித்தேன்.

டெனரில் ஐந்தாவது தாளக்கட்டில் ‘ஃபா’ என்று எழுதியிருக்கிறீர்கள், அது ‘மீ’. நீங்கள் தப்பு விட்டு நான் பார்த்ததே இல்லை. உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது? பையன்கள் “பெரிய மாஸ்டரே தப்பு பண்ணிட்டாரு” என்று ஒரே கொண்டாட்டம்.

நீங்கள் சொன்ன தொல்லைக்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். ஆல்டோ தெருவில் தொடங்கினால்தானே காதில் விழாது? கீதாஞ்சலி முன்னாடியே அந்தந்த வீட்டுக்குள் போய்விடுவாள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்து தொடங்குவாள். வெளியே இருக்கிறவர்கள் டிரம்மை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். உள்ளே இருந்து ஆல்டோ கேட்டால், யாரும் சைகை காட்டாமலே எல்லாரும் சேர வேண்டும். இதை மட்டும் திரும்பத் திரும்பப் பழக்கியிருக்கிறேன். இப்போது கோயில் சமையல் அறைக்குள் இருந்து நான் விளையாட்டாகத் தொடங்கினால்கூட வராந்தாவில் நின்று டீ குடிக்கிறவர்கள் பாட ஆரம்பித்துவிடுகிறார்கள். ஒரு நாள் சாமியாரே சேர்ந்துகொண்டார்.

செபஸ்டின் அண்ணன் பேஸ் வரியை நன்றாகத்தான் பாடுகிறார். அவர் பாடும்போது நான் தாளைப் பார்த்துக்கொள்வேன்.

இருபத்தொன்றாம் தேதி நீங்கள் இங்கே வர முடியுமா? எனக்காக எதுவும் செய்ய வேண்டாம். சும்மா என்னோடு உள்ளே உட்கார்ந்திருக்க.

தங்கை,
ஆனி


வரதராசன்பேட்டை
5.12.2024

மரியே வாழ்க

அன்புத் தங்கைக்கு,

நலம். ‘மீ’தான். கிழவனுக்குக் கண் மங்குகிறது, உன் டெனர் பையன்களிடம் சொல், என் தப்பைக் கண்டுபிடித்தவனுக்கு ஒரு பொட்டலம் முந்திரி.

வீட்டுக்குள் இருந்து தொடங்குவது நல்ல யோசனை. எனக்கு முப்பது வருஷமாகத் தோன்றவில்லையே என்று வயிற்றெரிச்சல்.

இருபத்தொன்று அன்றைக்கு எப்படி வருவது? எங்களுக்கும் அன்றைக்குத்தான் மேலத் தெருவில் ரவுண்ட்ஸ். மாஸ்டர் இல்லாமல் கொயர் நகராது. நீ ஒன்று செய். வெள்ளிக்கிழமையே வீட்டைப் பூட்டிக்கொண்டு இங்கே வந்துவிடு. அந்தச் செருப்புச் சத்தத்தை எதற்கு நீ கேட்க வேண்டும்? வேண்டாம், யோசித்துப் பார்த்தால் இங்கே வீடு வெள்ளையடிக்காமல் கிடக்கிறது. உன் நாத்தனார் வீட்டுக்குப் போ. எங்கேயாவது போ. அங்கே தனியாக மட்டும் இருக்காதே.

ஆல்பர்ட்


துறைமங்கலம்
10.12.2024

மரியே வாழ்க

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். நீங்கள் வா என்றீர்கள், அடுத்த வரியிலேயே வேண்டாம் என்றீர்கள். அது ஏன் என்று நான் கேட்கவில்லை. நம் வீட்டில் நாம் யாரும் எதையும் கேட்டதில்லை.

நான் எங்கேயும் போகவில்லை. வீட்டில்தான் இருப்பேன். ஜெயலட்சுமி அக்கா நேற்றுக் கேட்டார்: “என்ன டீச்சர், இந்த வருஷம் ஸ்டார் கட்டலையா? எங்க வூட்டு வாசலே இருட்டாத் தெரியுதே.” வருஷம் முடியட்டும் அக்கா என்றேன்.

உங்கள் ரவுண்ட்ஸ் நன்றாக நடக்கட்டும். குளிருக்குக் காதைக் கட்டிக்கொள்ளுங்கள்.

ஆனி


துறைமங்கலம்
23.12.2024

மரியே வாழ்க

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். இதை ஒரே மூச்சில் எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை ஆறு மணிக்கே எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு முன்னறையில் உட்கார்ந்துவிட்டேன். முனையிலிருந்து டிரம் கேட்டது. வீடு வீடாக வந்தார்கள். சத்திரப் பாட்டு எங்கள் தெருவுக்குள் நாலு தடவை கேட்டது. கீதாஞ்சலி ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போய் அழகாகத் தொடங்கினாள். ஜெயலட்சுமி அக்கா போன வருஷம் போலவே அவர்களை அழைத்திருந்தார், அங்கேயும் பாடினார்கள். எனக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். பாட்டு முடிந்ததும் டிரம் மறுபடி தொடங்கவில்லை.

செருப்புச் சத்தம் கேட்டது. நான் நினைத்தது போலவே. மெதுவாக, மெதுவாக என் வாசல் வரைக்கும் வந்தது. குழந்தை ஒன்று ஏதோ கேட்க, யாரோ “உஷ்” என்றார்கள்.

அண்ணா, அந்தப் பாட்டை ஏன் பிடிவாதமாகக் கேட்டேன் என்று எனக்கே தெரியாது என்று சொன்னால் பொய். பாதி தெரியும். உள்ளே இருந்து ஆல்டோ தொடங்குகிற பாட்டு அது ஒன்றுதானே இருக்கிறது? இருந்தாலும் செய்வேன் என்று நினைக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, கதவைத் திறக்காமல், பாடிவிட்டேன்.

யாரது வாசலில், இந்தப் பனியில்?

செருப்புச் சத்தம்கூட நின்றுவிட்டது. என் மானம் போனது என்று நினைத்தேன். பிறகு எல்லாக் குரலும் ஒன்றாக வந்தது. பழக்கிய வாய், சும்மா இருக்குமா? நாங்கள்தான் அம்மா, நடந்து வந்தோம்.

அடுத்தது பேஸ். செபஸ்டின் அண்ணன் தொடங்கவில்லை. ஒரு தாளக்கட்டு முழுக்க வெறுமையாகப் போனது. அப்புறம் வேறு ஒரு குரல் பாடியது. விளக்கொன்று வையுங்கள், போய்விடுவோம். ‘வோம்’ என்பதில் சுரம் கீழே இறங்க வேண்டும். அந்தக் குரல் இறங்க முடியாமல் காற்றாகப் போனது. பேஸ் பாட ஆசைப்பட்டு அந்த இடத்தில் காற்றாகப் போகும் டெனர் ஒருவரை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும்.

வாசல் விளக்கைப் போட்டுவிட்டுக் கதவைத் திறந்தேன். எல்லாரும் உள்ளே வந்துவிட்டார்கள். ஷாலினி என்னைக் கட்டிக்கொண்டாள். கிறிஸ்துமஸ் தாத்தா முகமூடியைக் கழற்றிவிட்டு அழுதார். ஜெயலட்சுமி அக்கா தன் வீட்டுக் காப்பியை இங்கே கொண்டு வந்து ஊற்றினார். இத்தனை பேரில் நான் தேடிய ஆள் மட்டும் இல்லை. மதில்மேல் ஒரு பொட்டலம் முந்திரி இருந்தது.

பாடியது யார் என்று ஷாலினியைக் கேட்டேன். அவளுக்குப் பொய் வராது, கூரையைப் பார்த்தாள்.

அன்றைக்கு உங்களுக்கு மேலத் தெருவில் ரவுண்ட்ஸ் என்று எழுதினீர்களே, அண்ணா? மாஸ்டர் இல்லாமல் கொயர் நகராது என்றீர்களே?

ஆனி ரோஸ்


வரதராசன்பேட்டை
29.12.2024

மரியே வாழ்க

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது.

உடம்பு நலம். மற்றதைச் சொல்கிறேன்.

மேலத் தெருவில் ரவுண்ட்ஸ் நடந்தது, அது பொய்யில்லை. நான்தான் இல்லை. ஆகஸ்ட் மாதமே கொயரைக் கலைத்துவிட்டார்கள். கலைத்தார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. ஆம்பிளைப் பிள்ளைகள் திருப்பூரும் துபாயுமாகப் போய்விட்டார்கள், மிச்சம் நாலு பொம்பளைகளும் நானும். புதிய பங்குச் சாமியார் தங்கமான மனுஷன். “சார், நீங்க ரெஸ்ட் எடுங்க, இந்த வருஷம் பென் டிரைவ்ல போட்டுக்குவோம்” என்றார். பென் டிரைவ் சுருதி தப்பாது, லேட்டாக வராது, முழங்கால் வலி கிடையாது. என்ன குறை சொல்ல? தாள் இருந்த பீரோவில் இப்போது ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது. உன்னிடம் சொல்ல நாக்கு வரவில்லை. மாப்பிள்ளையை இழந்தவளிடம் போய், நான் கொயரை இழந்துவிட்டேன் என்று எப்படி ஒப்பாரி வைப்பது? நீ இங்கே வந்திருந்தால் சாயங்காலம் நான் எங்கேயும் கிளம்பாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பாய். அதற்குத்தான் வராதே என்றேன். உன் கடிதத்துக்குப் பதில் எழுதும் நாட்களில் மட்டும் நான் இன்னும் மாஸ்டர்.

சனிக்கிழமை உன்னோடு உட்காரத்தான் வந்தேன். முனையில் உன் பிள்ளைகளைப் பார்த்தேன். யார் என்று சொன்னதும் சூழ்ந்துகொண்டார்கள். “சார், டீச்சர் வூட்டாண்ட என்ன பண்றது, நீங்களே சொல்லுங்க” என்று செபஸ்டின் கேட்டார். முறைப்படி செய்யுங்கள் என்று நான்தான் சொன்னேன், ஆனி. அவர்கள் எல்லாரையும் தாண்டிப் போகவிட்டு, பின்னாடி நான் மட்டும் உள்ளே வருவதாக இருந்தேன். அதனால்தான் உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சத்தியம் வாங்கினேன். உன் வாசலில் நின்று, வழக்கம் போலக் கையைத் தூக்கினேன், எல்லாரும் வாயை மூட.

அப்போதுதான் நீ பாடினாய்.

நான் கையை இறக்கியிருக்க வேண்டும், அல்லது அப்படியே வைத்திருக்க வேண்டும். இரண்டும் செய்யவில்லை. நிறுத்தத் தூக்கிய கையாலேயே அத்தனை பேருக்கும் பாட்டில் சேரச் சைகை கொடுத்துவிட்டேன். எனக்குத் தெரிந்து கொடுக்கவில்லை. பாட்டு தொடங்கிவிட்டால் கொயர் மாஸ்டர் கைக்கு வேறு என்ன தெரியும்? பேஸுக்குத் திரும்பினேன், செபஸ்டின் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு நின்றார். மாப்பிள்ளையின் வரி அநாதையாக நின்றது. அதை விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை. நான் டெனர், ‘வோம்’ எனக்கு எட்டாது, உனக்கே தெரியும்.

நீ விளக்கைப் போட்டாய். என் முகத்தில் வெளிச்சம் விழுந்ததும், மேலத் தெரு என்று எழுதியவன் இங்கே நிற்கிறானே என்ற வெட்கம் வந்துவிட்டது. பொட்டலத்தை மதில்மேல் வைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். அரியலூர் தாண்டும் வரைக்கும் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். கண்டக்டர், “பெரியவரே, காத்து அடிக்குது, மூடுங்க” என்றார்.

நீ கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். பாட்டைக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் முறை. நான் இத்தனை வருஷமும் எத்தனை வீட்டுக்கு முன்னால் கையைத் தூக்கினேனோ தெரியாது.

ஆறாம் தேதி மாப்பிள்ளையின் வருஷப் பூசைக்கு நான் வருகிறேன். உனக்கு டெனர் மூன்றாக இருக்கட்டும். அந்த இரண்டு பையன்களையும் என் பக்கத்தில் நிறுத்து, சோப்ரானோவை நான் பார்க்க விடமாட்டேன். பேஸ் வரியைச் செபஸ்டினே பாடட்டும்.

ஐந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை கடைசி பஸ்ஸில் வருவேன். நான் வந்து சேரும்போது உன் தெரு இருட்டிவிடும். வாசல் விளக்கைப் போட்டு வை.

அண்ணன்,
ஆல்பர்ட்